கப்பல் போகும், பெயர் நிற்கும்: இந்தியக் கடற்படையின் மறுபிறவிக் கலங்கள்

போர்க்கப்பல் ஒன்றின் பணிக்காலம் பொதுவாக முப்பது முதல் நாற்பது ஆண்டுகள். உப்புநீரும் ஓயாத அதிர்வும் எஃகைத் தின்றுவிட, புதிய ஆயுதங்களுக்கு இடங்கொடுக்க முடியாத அளவுக்கு உடல் பழையதாகிவிட, கொடியிறக்கும் சடங்கு முடிந்த சில ஆண்டுகளில் அது பெரும்பாலும் இரும்பு விலைக்குப் போய்விடுகிறது. ஆனால் அதன் பெயர் ஏலத்திற்குப் போவதில்லை. கடற்படை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தகுதியான இன்னொரு கப்பல் நீரில் இறங்கும்வரை வைத்திருந்து மீண்டும் சூட்டுகிறது. பெயரோடு பல சமயங்களில் முத்திரைச் சின்னமும், குறிக்கோள் வாசகமும், கப்பலின் பக்கவாட்டில் பெரிதாகத் தீட்டப்படும் அடையாள எண்ணும்கூடப் புதிய கப்பலுக்கு வந்து சேர்கின்றன. இந்தியக் கடற்படையில் இது மறுபிறவி என்றே பேசப்படுகிறது. இதை வெறும் அலங்காரமாகக் கருதுவது தவறு. பழைய கப்பல்களைக் காத்து வைப்பதில் அக்கறை குறைந்த ஒரு நாட்டில், கடற்போர்களின் நினைவு தலைமுறை தாண்டி வந்திருப்பதற்கு இந்தப் பெயர்களே முதற்காரணம்.

வழக்கத்தின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1588இல் ஸ்பானியப் பெருங்கடற்படையை எதிர்த்த ஆங்கிலேயத் தளபதி எஃபிங்காம் ஹோவர்டின் கொடிக்கப்பலுக்கு, அதாவது தளபதி ஏறிநின்று படையை நடத்தும் தலைமைக் கப்பலுக்கு, ஆர்க் ராயல் என்று பெயர். அந்தப் பெயர் 20ஆம் நூற்றாண்டில் மேலும் நான்கு கப்பல்களுக்கு வைக்கப்பட்டது. அவற்றுள் 1914ஆம் ஆண்டுக் கப்பலின் பெயரை, புதிதாகக் கட்டவிருந்த விமானந்தாங்கிக்குத் தேவைப்பட்டது என்பதற்காகவே, 1934இல் பெகாசஸ் என்று மாற்றினார்கள். உயிரோடிருக்கும் கப்பலிடமிருந்தே பெயரை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அங்கே பெயருக்கு மதிப்பு இருந்தது. அதற்குக் காரணம் போர் விருதுகள் என்னும் ஏற்பாடாகும். ஒரு கப்பல் பங்கேற்று வென்ற போர்களின் பட்டியல் அதன் பெயருக்கு உரியதாகக் கருதப்பட்டு, அதே பெயரில் பின்னால் வரும் எல்லாக் கப்பல்களுக்கும் உரிமையாகும். புதிய கப்பலின் மாலுமி, தான் பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த போரின் பெயரைத் தன் கப்பலின் மரப்பலகையில் தினமும் பார்த்தபடி வேலை செய்வார்.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டபோது ஒரு சிக்கல் இருந்தது. அப்போது இந்தியாவிடம் இருந்த பெரிய கப்பல்கள் அனைத்தும் பிரிட்டன் பயன்படுத்திவிட்டு விற்றவை. அவற்றின் போர்ப்புகழ் பழைய பெயர்களோடு ஒட்டியிருந்தது. முதல் எடுத்துக்காட்டு டெல்லி. 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு வெளியே, ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ என்னும் கப்பலை எதிர்த்து நின்ற மூன்று குரூசர்களில் ஒன்று அக்கிலீஸ். குரூசர் என்பது நெடுந்தூரம் தனித்துச் சென்று போரிடத்தக்க, கனரகப் பீரங்கிகள் பூட்டிய பெரிய போர்க்கப்பல். பின்னர் நியூசிலாந்துக் கடற்படையில் பணியாற்றிய அந்த அக்கிலீஸை இந்தியா வாங்கி, 1948 ஜூலை 5 அன்று டெல்லி என்ற பெயரில் பணியில் சேர்த்தது. 1956இல் அந்தப் போரைப் பற்றி ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்டபோது, அக்கிலீஸாகத் தோன்றியது இந்தியக் கடற்படையின் டெல்லியே. தன் பழைய பெயரைத் தாங்கித் தன் பழைய போரை அது மீண்டும் நடத்திக் காட்டியது. 1961இல் போர்த்துகீசியரிடமிருந்து கோவாவையும் தியூவையும் மீட்ட நடவடிக்கையில் தியூவின்மீது பீரங்கி முழக்கியது முதல், அதன் புகழ் டெல்லி என்ற பெயருக்கே சேரத் தொடங்கியது. 1978இல் அது ஓய்வு பெற்றபோது அதன் பீரங்கி மேடைகளில் ஒன்றை இந்தியா நியூசிலாந்துக்குப் பரிசாகக் கொடுத்தது. டெல்லி என்ற பெயர் 1997 நவம்பரில் மும்பையின் மசகான் கப்பல்கட்டும் தளத்தில் உருவான நாசகாரிக் கப்பலுக்குச் சூட்டப்பட்டது. பிரிட்டனின் நைஜீரியா என்ற குரூசர் 1957இல் மைசூர் ஆனதும், 1985இல் அது ஓய்ந்தபின் 1999இல் புதிய மைசூர் வந்ததும் இதே வரிசையில் அடங்கும்.

பெயர் சூட்டுவதற்கென்று கடற்படையில் ஒரு குழு இருக்கிறது. அதன் பரிந்துரைக்குக் கடற்படைத் தலைமைத் தளபதி ஒப்புதல் தருவார். பெரிய நாசகாரிகளுக்கு நகரங்கள், ஃபிரிகேட் எனப்படும் நடுத்தரப் போர்க்கப்பல்களுக்கு மலைகள், ஆறுகள், ஆயுதங்கள், கார்வெட் எனப்படும் சிறிய போர்க்கப்பல்களுக்குக் கைப்படைக்கலங்கள், நீர்மூழ்கிகளுக்குப் பெரும்பாலும் கடலில் வேட்டையாடும் மீன்கள் என்று வகைப்படுத்தப்பட்ட மரபு இருப்பதால், பெயரைக் கேட்டதுமே கப்பலின் இனம் ஓரளவு விளங்கிவிடும். 1967இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த முதல் நீர்மூழ்கியான கல்வரியின் பெயர், அது ஓய்வு பெற்று இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 2017 டிசம்பர் 14 அன்று பணியில் சேர்ந்த புதிய நீர்மூழ்கிக்கு வந்தது. அதைத் தொடர்ந்து கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்ஷீர் என்று அந்த வகையின் ஆறு நீர்மூழ்கிகளும் பழைய சோவியத் நீர்மூழ்கிகளின் பெயர்களையே ஏற்றன.

ஆற்றுப் பெயர்களின் கதையில் நாட்டுப் பிரிவினையின் தழும்பும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அரச இந்தியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட காவல் கப்பல்களில் கோதாவரியும் ஒன்று. 1947இல் கப்பல்கள் பங்கிடப்பட்டபோது சட்லெஜ், யமுனா, கிருஷ்ணா, காவேரி ஆகியவை இந்தியாவுக்கும், நர்மதை, கோதாவரி ஆகியவை பாகிஸ்தானுக்கும் போயின. பாகிஸ்தான் அவற்றை ஜீலம், சிந்து என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயரற்றுப் போன கோதாவரியை இந்தியா விட்டுவிடவில்லை. 1953இல் பிரிட்டனிடமிருந்து பெற்ற பெடேல் என்ற சிறிய நாசகாரிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. அதுவும் ஓய்ந்தபின், இந்திய வடிவமைப்பாளர்களே பெரிதும் உருவாக்கிய ஃபிரிகேட் 1983 டிசம்பரில் மூன்றாவது கோதாவரியாகி, 2015வரை பணியாற்றியது. பிரிட்டன் கட்டிக்கொடுத்தது, பிரிட்டன் பயன்படுத்திவிட்டுத் தந்தது, இந்தியா தானே கட்டியது என்று ஒரே பெயருக்குள் ஒரு கடற்படை வளர்ந்த மூன்று படிகளும் அடங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டு மலையொன்றின் பெயரும் இவ்வகையில் இரண்டு தலைமுறை கண்டிருக்கிறது. 1972 ஜூன் 3 அன்று பணியில் சேர்ந்த நீலகிரி, மசகான் தளத்தில் பிரிட்டிஷ் வரைபடத்தின்படி கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல். சுமார் 3,000 டன் எடையுள்ள அது, அரசுத் தளங்களால் போர்க்கப்பல் கட்ட முடியுமா என்ற ஐயத்துக்கு விடையாக வந்தது. 1996இல் ஓய்வு பெற்றபின், ஏவுகணைச் சோதனைக்கு இலக்காக நிறுத்தப்பட்டுக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. புதிய நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் பணியில் சேர்ந்தது. எடையில் அது பழையதைப்போல் இருமடங்குக்கும் மேல்.

எல்லாப் பெயர்களும் வெற்றியிலிருந்து வரவில்லை. தல்வார் என்பது முதலில் கப்பலே அன்று. பம்பாயில் கரையில் இருந்த கம்பியில்லாத் தந்திப் பயிற்சிக்கூடம். அங்கேதான் 1946 பிப்ரவரி 18 அன்று, உண்ணத்தகாத உணவையும் ஆங்கில அதிகாரிகளின் இழிசொற்களையும் பொறுக்கமாட்டாமல் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாள்களுக்குள் அது பம்பாய், கராச்சி உள்ளிட்ட துறைமுகங்களின் பல கப்பல்களுக்கும் கரைத்தளங்களுக்கும் பரவி, ஆங்கில ஆட்சியின் கடைசி ஆண்டுகளை உலுக்கிய பெருங்கிளர்ச்சியானது. படைத்தலைமைகள் கலகம் நடந்த இடத்தின் பெயரைப் பொதுவாக மறக்கவே விரும்பும். இந்தியக் கடற்படையோ 1950களின் இறுதியில் பிரிட்டனில் கட்டிய புதிய ஃபிரிகேட் ஒன்றுக்கும், அதற்குப் பிறகு 2003 ஜூனில் ரஷ்யாவிலிருந்து பெற்ற மற்றொன்றுக்கும் தல்வார் என்றே பெயரிட்டது. அந்தப் பெயர் கொடியேந்தி நிற்கும்வரை 1946இன் மாலுமிகளும் கடற்படையின் முன்னோர் வரிசையில் இருப்பார்கள்.

பெயர்களின் மதிப்பு முழுமையாக வெளிப்பட்டது பாகிஸ்தானுடன் நடந்த 1971ஆம் ஆண்டுப் போரில்தான். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு, 1943இல் இங்கிலாந்தில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் ஏரா வைக்கப்பட்டது. ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டை. உலகப்போர் முடிந்ததும் பாதியில் கைவிடப்பட்ட அந்தக் கூட்டை 1957இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டிமுடித்து, 1961 மார்ச் 4 அன்று பணியில் சேர்த்தது. பத்தே ஆண்டுகளில், போர் நெருங்கிய வேளையில், அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. விமானம் மேலெழுவதற்குக் கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தோட வேண்டும் என்பதால், வேகம் குறைந்த விக்ராந்தைப் போருக்கு அனுப்புவதா என்பதே பெரிய விவாதமாக இருந்தது. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக அப்போது இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1961இல் தியூவுக்கு எதிரில் டெல்லியை நடத்தியவரும், பின்னர் விக்ராந்தின் கேப்டனாக இருந்தவரும் அவரே. அந்தக் கப்பலின் பலமும் பலவீனமும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

விக்ராந்தை மூழ்கடிப்பதற்கென்றே பாகிஸ்தான் காஜி என்ற நீர்மூழ்கியை நவம்பர் மாதத்தில் கராச்சியிலிருந்து வங்கக் கடலுக்கு அனுப்பியது. அதற்குள் விக்ராந்த் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளின் மறைவான துறைக்குப் போய்விட்டிருந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினத்தின் அருகிலேயே இருப்பதாகப் பகைவரை நம்பவைக்க, கிருஷ்ணன் ராஜ்புத் என்ற பழைய நாசகாரியைத் தேர்ந்தார். 1949இல் பிரிட்டனிடமிருந்து வாங்கப்பட்டு, பணியிலிருந்து விடுபடும் தறுவாயில் இருந்த அந்தக் கப்பல், பெரிய விமானந்தாங்கி ஒன்று அனுப்பும் அளவுக்குக் கம்பியில்லாத் தந்திச் செய்திகளைப் பொழிந்து விக்ராந்தாக வேடமிட்டது. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவில் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறுகையில், நீர்ப்பரப்பில் தென்பட்ட அசைவின்மேல், நீருக்கடியில் குறித்த ஆழத்தில் வெடிக்கும் குண்டுகளை வீசியது. காஜி துறைமுக வாயிலுக்கு வெளியே சிதைந்து கிடப்பது பின்னர் தெரியவந்தது. அதிலிருந்த எவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத்தின் குண்டுகளே அதை அழித்தன என்று இந்தியாவும், உள்ளே நேர்ந்த வெடிப்போ அது விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியோ காரணம் என்று பாகிஸ்தானும் கூறுகின்றன. டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கி, இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானைக் கடல்வழியே துண்டித்தன.

அந்தப் பழைய ராஜ்புத் 1970களில் ஓய்ந்தது. அதன் பெயர் சோவியத் ஒன்றியத்தின் நிகலாயெவ் நகரில் கட்டப்பட்டு 1980 மே 4 அன்று சேர்ந்த ஏவுகணை நாசகாரிக்குப் போனது. பிரமோஸ் ஏவுகணையைக் கடலிலிருந்து ஏவிச் சோதிக்கப் பயன்பட்ட அந்த இரண்டாவது ராஜ்புத், நாற்பத்தொரு ஆண்டுகள் உழைத்தபின் 2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. முதல் ராஜ்புத் தன் பெயருக்குப் புகழ் ஈட்டியதும் அதே துறைமுகத்தின் வாயிலில்தான்.

குக்ரியின் கதை இதற்கு நேர்மாறானது; தோல்வியையும் ஒரு கடற்படை பெயரில் சுமக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இந்தியாவில் இல்லை. 1958இல் பணியில் சேர்ந்த சிறிய ஃபிரிகேட் அது. 1971 டிசம்பர் 9 இரவு, குஜராத் கடற்கரையில் தியூவுக்கு அப்பால், தன் இணைக்கப்பலான கிர்பானோடு சேர்ந்து ஒரு பாகிஸ்தானிய நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தது. நீருக்கடியில் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பகைக்கலத்தைக் கண்டறியும் கருவிக்குச் சோனார் என்று பெயர். அதன் திறனைக் கூட்டும் புதிய அமைப்பு ஒன்றைச் சோதிப்பதற்காகக் குக்ரி மெதுவாகச் சென்றதாகக் கூறப்படுகிறது. தேடப்பட்ட ஹங்கோர் என்ற நீர்மூழ்கி டார்பிடோவை முதலில் செலுத்தியது. சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டு, முடிந்தவரை பலரை வெளியேற்றிவிட்டுக் கப்பலோடு கடலுக்குள் போனார். அவருக்கு மகாவீர் சக்ரம் வழங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படை போரில் பறிகொடுத்த ஒரே போர்க்கப்பல் அது.

இப்படி மூழ்கிய கப்பலின் பெயரை மீண்டும் வைப்பதற்கு மாலுமிகளிடையே இயல்பாகவே தயக்கம் எழும்; உலகெங்கும் கடலோடிகள் சகுனம் பார்ப்பவர்கள். ஆனால் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1989 ஆகஸ்ட் 23 அன்று, இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் ஏவுகணைக் கார்வெட் குக்ரி என்ற பெயரோடு மும்பையில் பணியில் சேர்ந்தது. பழையதன் எண் 149. புதியதன் எண் 49. அந்த விழாவில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண சந்திர பந்தோடு நின்று கப்பலைப் பணியில் சேர்த்தவர் கேப்டன் முல்லாவின் மனைவி. அதே வகையில் அடுத்தடுத்து வந்த கப்பல்களுக்குக் கிர்பான், குதார் என்று பெயரிட்டதன் மூலம், 1971இல் குக்ரியோடு ஓடிய இணைக்கப்பல்களின் பெயர்களையும் கடற்படை மீட்டுக்கொண்டது. இரண்டாவது குக்ரியை 28 கேப்டன்கள் நடத்தினர். அது ஓடிய மொத்தத் தொலைவு 6,44,897 கடல் மைல். 2021 டிசம்பர் 23 அன்று, விசாகப்பட்டினத்தில் பொழுது சாயும் நேரத்தில், தேசியக் கொடியும் கடற்படைக் கொடியும் பணி நிறைவைக் குறிக்கும் நீண்ட கொடியும் இறக்கப்பட்டன.

எதிர்த்தரப்பிலும் இதே வழக்கம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஒருபக்கமாகிவிடும். காஜி மூழ்கிய நான்கு ஆண்டுகளுக்குள், 1975இல், போர்த்துகல்லிடமிருந்து வாங்கிய நீர்மூழ்கிக்குப் பாகிஸ்தான் காஜி என்றே பெயரிட்டது. சீனாவிலிருந்து பெறும் புதிய நீர்மூழ்கி வகைக்கு ஹங்கோரின் பெயரை வைத்திருக்கிறது. அந்நாடு இன்னொன்றும் செய்தது. முதல் ஹங்கோரைக் கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது.

விக்ராந்துக்கு அது வாய்க்கவில்லை. 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்று, சில ஆண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற கப்பல், பராமரிக்கப் பணமில்லை, பாதுகாப்பானதாகவும் இல்லை என்ற காரணங்களால் 2012இல் மூடப்பட்டது. 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. தடுக்கக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றும் பயனில்லை. அதன் உலோகத்தின் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. இன்னொரு பகுதி மும்பையில் ஒரு நினைவுச் சிற்பமாகியது. 1971ஆம் ஆண்டுப் போரின் மிக முக்கியமான இந்தியக் கப்பலை உடைத்து விற்றது மன்னிக்கத்தக்க சிக்கனம் அன்று. அது ஒரு நாடு தன் சொந்த ஆவணத்தைக் கிழித்ததற்குச் சமம்.

உடைப்பு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கொச்சியில் இன்னொரு விக்ராந்த் வளர்ந்துகொண்டிருந்தது. 2009 பிப்ரவரியில் ஏரா வைக்கப்பட்டு, 2013 ஆகஸ்ட் 12 அன்று நீரில் இறக்கப்பட்டு, 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்த இந்த 262 மீட்டர் நீளக் கப்பல், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கி. பெயரோடு பழைய எண்ணான ஆர் 11உம், ரிக் வேதத்திலிருந்து எடுத்த பழைய குறிக்கோள் வாசகமும் அதற்கு வந்தன. முதல் விக்ராந்திலிருந்து சீ ஹாக்குகளைப் பறக்கவிட்ட 300ஆம் எண் விமானப்பிரிவும், வெள்ளைப் புலிகள் என்ற தன் பெயர் மாறாமல், இடையில் சீ ஹாரியர்களைக் கடந்து, இன்று மிக் 29 விமானங்களோடு பணியில் இருக்கிறது. புனித ஜார்ஜ் சிலுவையை நீக்கிய புதிய கடற்படைக் கொடி ஏற்றப்பட்டதும் அதே நாளில்தான். பிரிட்டனிடமிருந்து வந்த அடையாளங்களில் சிலுவை போயிற்று, கப்பல் பெயரைக் கையளிக்கும் வழக்கம் மட்டும் இந்தியாவின் சொந்தமாகத் தங்கிவிட்டது.

விக்ராந்தின் முடிவிலிருந்து ஏதோ ஒன்றைக் கற்றதுபோல, ஓய்வு பெற்ற இரண்டாவது குக்ரியைக் கடற்படை உடைக்கக் கொடுக்கவில்லை. விசாகப்பட்டினத்திலிருந்து தீபகற்பத்தைச் சுற்றி இழுத்துச் சென்று, 2022 ஜனவரி 26 அன்று தியூ நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. முதல் குக்ரியில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கும் ஊர் அது. விசாகப்பட்டினக் கடற்கரையில் மக்கள் ஏறிப் பார்க்கும் குர்சுரா நீர்மூழ்கியும் இவ்வகையில் தப்பியதே. ஆனால் இவை விதிவிலக்குகள். விராட் என்ற இன்னொரு விமானந்தாங்கி, முதல் விக்ராந்தின் அனுபவத்துக்குப் பிறகும், அலங்க் கடற்கரையில் உடைக்கப்பட்டது. 1997இல் சேர்ந்த டெல்லியும் 1999இல் சேர்ந்த மைசூரும் முப்பது ஆண்டுகளை நெருங்குகின்றன. அவற்றின் பெயர்களுக்கு வாரிசு கிடைப்பதில் ஐயமில்லை. பெயரைக் காக்கும் குழு இருப்பதுபோல உடலைக் காக்கும் பொறுப்பும் ஓர் அமைப்பிடம் இப்போதே ஒப்படைக்கப்பட வேண்டும், அதற்கான இடமும் பணமும் கொடியிறக்கத்துக்கு முன்பே ஒதுக்கப்பட வேண்டும்.